சங்கம் இல்லாத கம்பெனியில் நமக்காக யார் பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

தொழிற்சங்கம் இல்லாத இடங்களில் வேலை பார்க்கும் வாசகர்களின் கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படிக்கும் முன் ஒரு விஷயம். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் போய், தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020 வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. பழைய விதிகளில் புதிய சட்டத்தோடு முட்டாதவை தொடர்கின்றன. லேபர் ஆபீஸிலும் கம்பெனிகளிலும் இன்னும் 'பன்னிரண்டு மூன்று', 'பதினெட்டு ஒன்று' என்று பழைய சட்டத்தின் பிரிவு எண்களில்தான் பேசுகிறார்கள். அதனால் நாங்களும் அந்த எண்களையே வைத்துக்கொண்டோம்.

கே: எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் 240 நிரந்தரத் தொழிலாளர்கள். சங்கம் கிடையாது. போன மாதம் எச்.ஆர். எட்டுப் பேரின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, "இவர்கள்தான் பணிக்குழுவில் உங்கள் பிரதிநிதிகள்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. இது செல்லுமா?
– ஒரகடம் வாசகர்

ப: செல்லாது. பணிக்குழு என்பது இரு தரப்பும் சேர்ந்து உட்காரும் குழு. நிர்வாகம் தன் பக்கத்து ஆட்களை நியமித்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்து ஆட்களை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பணிக்குழு அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைவிடக் குறையக் கூடாது. தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் 1957 விதிகள் விவரமாகச் சொல்கின்றன. குழுவில் மொத்தம் 20 பேருக்கு மேல் கூடாது. நிற்பவருக்கு 19 வயதும் ஓராண்டு சர்வீஸும் வேண்டும். ஓட்டுப் போட 18 வயதும் ஆறு மாதத் தொடர் சர்வீஸும் போதும். வேட்புமனுவுக்கும் வாக்குப்பதிவுக்கும் உரிய தேதிகளை ஏழு நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். மனு வாங்குவது முடிந்து மூன்று நாளுக்குக் குறையாமலும் 15 நாளுக்கு மிகாமலும் வாக்குப்பதிவு நடக்க வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. உங்கள் ஆலை மாநில அரசின் வரம்பில் வருவது. தமிழ்நாட்டின் 1958 விதிகளின் படி ஒன்றை லேபர் ஆபீஸில் வாங்கி, இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் நடந்தும் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: ஆலை முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துவிடுவார்கள். அசெம்ப்ளியில் 110 பேர், பிரஸ் ஷாப்பில் 70, பெயின்ட்டில் 30, மெயின்டனன்ஸும் ஸ்டோர்ஸும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் எட்டு ஓட்டுப் போட்டால் எட்டு இடத்தையும் அசெம்ப்ளியே அள்ளிவிடும். தின்னர் புகையில் நிற்கிற பெயின்ட் ஷாப் ஆளுக்குக் குழுவில் ஒரு நாக்குகூட இருக்காது. பிரிவுவாரியாகப் பிரித்து 30 பேருக்கு ஓர் இடம் என்று கணக்குப் போட்டால் அசெம்ப்ளிக்கு 4, பிரஸ் ஷாப்புக்கு 2, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. எட்டும் சரியாக வரும். இன்னொன்று இரவு ஷிப்ட். பகல் 10 முதல் 1 மணி வரை ஓட்டுப்பெட்டி வைத்தால் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர் வரமாட்டார். மூன்று ஷிப்ட் மாறும் நேரங்களிலும் அரை மணி நேரம் பெட்டி திறந்திருக்கட்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: "நியமிக்கப்பட்ட பட்டியலை நாங்கள் ஏற்கவில்லை, பிரிவுவாரியாகத் தேர்தல் நடத்துங்கள்" என்று ஒரு பக்கத்தில் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நகல் தொழிலாளர் உதவி ஆணையருக்கு. கையெழுத்துகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். யார் முதலில் போட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தராவிட்டால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்.

கே: எங்கள் ஆலையின் பணிக்குழு நேர்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். மூன்று ஆண்டுக்குச் சம்பள உயர்வு ஒப்பந்தம் போட அவர்களையே நிர்வாகம் கூப்பிடுகிறது. போடலாமா?
– ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

ப: பணிக்குழுவாக உட்கார்ந்து போட முடியாது. சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை மூன்று: இரு தரப்பிலும் நல்லுறவைக் காப்பது, பொதுவான விஷயங்களில் கருத்துச் சொல்வது, பெரிய கருத்து வேறுபாடு வந்தால் தணிக்க முயல்வது. 'கருத்துச் சொல்வது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தீர்மானிப்பது என்று எங்கும் இல்லை.

1959-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இதற்கு ஒரு மாதிரிப் பட்டியல் போட்டார்கள். குடிநீர், வெளிச்சம், காற்றோட்டம், கேன்டீன், ஓய்வறை, குழந்தைகள் காப்பகம், விபத்துத் தடுப்பு, பண்டிகை விடுமுறையை மாற்றி வைத்துக்கொள்வது ஆகியவை குழு பேச வேண்டியவை. சம்பளம், படி, போனஸ், வேலைப்பளு, ஆட்குறைப்பு, பி.எஃப்., பணிக்கொடை, ஊக்கத்தொகைத் திட்டம் ஆகியவை குழு தொடக் கூடாதவை. மறு ஆண்டே உச்ச நீதிமன்றமும் இதே கோட்டைப் போட்டது. வங்காளத்து நார்த்புரூக் சணல் ஆலையில் வேலைப்பளுவைக் கூட்டும் திட்டத்துக்குப் பணிக்குழு தலையாட்டியிருந்தது. குழு ஒப்புக்கொண்டது தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது, பணி நிபந்தனையை மாற்றுவதானால் தொழிலாளர்களுக்கே முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1960-ல் தீர்ப்பு வந்தது. அந்த அறிவிப்புக்கு 21 நாள் என்பது புதிய சட்டத்திலும் மாறவில்லை.

சங்கம் இல்லாதவர்கள் ஒப்பந்தமே போட முடியாதா என்றால், ஒரு வழி இருக்கிறது. பலருக்கும் தெரியாத வழி. ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரப்பில் சங்க நிர்வாகி கையெழுத்திடலாம். அல்லது அதற்காகவே கூட்டப்பட்ட தொழிலாளர் கூட்டத்தில் அதிகாரம் தரப்பட்ட ஐந்து பிரதிநிதிகள் கையெழுத்திடலாம் என்கிறது மத்திய விதி. இதில் சறுக்குவது காகிதத்தில்தான். கூட்ட அறிவிப்பு, வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல், ஐவரின் பெயரையும் எந்தக் கோரிக்கைகளுக்காக அவர்களுக்கு அதிகாரம் தருகிறோம் என்பதையும் சொல்லும் தீர்மானம் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். 'பேச அதிகாரம்' தந்தீர்களா, 'கையெழுத்திட அதிகாரம்' தந்தீர்களா என்பதையும் தீர்மானத்தில் பிரித்தே எழுதுங்கள். வரைவைத் திரும்பக் கூட்டத்தில் வைத்து, அதன் பிறகே கையெழுத்து என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஐவரையும் ஓர் இரவில் ஓட்டலுக்கு அழைத்துப் போய் முடித்துவிட முடியாது.

நேருக்கு நேர் போட்டுக்கொண்டால் அது 18(1). அதில் சேர்ந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போட்டால் 12(3). ஆலையிலுள்ள எல்லோரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். உங்கள் ஊரிலேயே பார்த்த விஷயம்தான் இது. 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 7-ல் நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. போராட்டத்தை நடத்திய சங்கம் அதை ஏற்கவில்லை; வேலைநிறுத்தமும் நிற்கவில்லை. அரசு நடுவில் நின்று பேசிய பிறகுதான், 37 நாளுக்குப் பின், ஆட்கள் உள்ளே போனார்கள். எதிரில் உட்கார்ந்தவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்து நிர்வாகத்துக்கே உதவாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். சம்பளம் பேச, புதிய சட்டம் பேரம் பேசும் சங்கத்தையும் பேச்சுவார்த்தை மன்றத்தையும் மட்டுமே அங்கீகரிக்கிறது. இரண்டுமே பதிவு பெற்ற சங்கங்களுக்கானவை. குழுவை வைத்துச் சம்பளத்தைப் பேசுவது கேன்டீன் கரண்டியால் கிணறு தோண்டுவது மாதிரி. சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பிக்க வேண்டும்; தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது உறுப்பினராக இருக்க வேண்டும்.

(சென்னைக்கு இந்தக் கதை புதிதல்ல. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் தொடங்கியது. 1921-ன் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அந்த 1920-களிலேயே, பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் நிர்வாகம் தானாகவே பணிக்குழு வைத்துப் பார்த்துவிட்டது.)

கே: குழுவில் நின்று ஜெயித்தால் வேலைக்குப் பாதுகாப்பு உண்டா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஓசூர் வாசகர்

ப: தனிப் பாதுகாப்பு இல்லை. 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' என்ற தகுதி பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளுக்கே உரியது. பணிக்குழு உறுப்பினருக்குக் கிடையாது. சங்கத்துக்கும் குழுவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பது எங்கள் கருத்து. கூட்டத்தில் உட்காரும் நேரம் பணி நேரமாகக் கணக்கில் வரும் என்ற அளவுக்கு மட்டும் விதி இருக்கிறது.

எனவே கோரிக்கையை எப்போதும் 'எங்கள் பிரிவு கேட்கிறது' என்றே எழுதுங்கள். தனி வாட்ஸ்அப் செய்தியில் மேலாளரோடு வாக்குவாதம் வேண்டாம். உங்கள் வருகைப் பதிவும் உற்பத்திக் கணக்கும் சுத்தமாக இருக்கட்டும். குழு உறுப்பினருக்கு மெமோ வருவது குழுப் பேச்சுக்காக என்று எழுதி வராது. ஏழு நிமிடத் தாமதத்துக்காக வரும்.

கே: பனியன் கம்பெனியில் 60 பேர். 45 பேர் பெண்கள். ஆடிட் வரும்போது மட்டும் 'ஒர்க்கர்ஸ் கமிட்டி' போட்டோவோடு போர்டு மாட்டுவார்கள். அதில் என் போட்டோவும் இருக்கிறது, ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் ஒன்றரைச் சம்பளம்தான் தருகிறார்கள். யாரிடம் சொல்வது?
– திருப்பூர் வாசகி

ப: உங்கள் கம்பெனிக்குப் பணிக்குழு வராது, 100 பேர் இல்லை. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மேல் கூடாது. தலைவர் பதவி ஓராண்டு நிர்வாகத்துக்கு, மறு ஆண்டு தொழிலாளருக்கு. மொத்தத் தொழிலாளரில் பெண்கள் எவ்வளவோ அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 60-க்கு 45, அதாவது முக்கால் பங்கு. எட்டுப் பேர் குழு என்றால் ஆறு பெண்கள். போர்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் குழு தனிநபர் குறைகளுக்கானது. "எங்களுக்கு ஓ.டி. சரியாகத் தருவதில்லை" என்று பொதுவாக எழுதினால் "பரிசீலிக்கிறோம்" என்று பொதுவாகவே பதில் வரும். கணக்கோடு எழுதுங்கள். உதாரணமாக ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய், எட்டு மணி நேரம். மணிக்கு 60 ரூபாய். ஒன்றரை ஷிப்டில் கூடுதலாகப் பார்ப்பது நான்கு மணி நேரம். அதற்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, மணிக்கு 120. ஆக அன்றைக்கு வர வேண்டியது 480-ம் 480-ம் சேர்ந்து 960. தந்தது 720. ஒரு நாளுக்குக் குறைவு 240. மனு இப்படி இருக்கலாம்:

"நான் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த மாதம் 4, 11, 18 தேதிகளில் தலா நான்கு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தேன். அந்த 12 மணி நேரத்துக்கு ஒற்றைக் கூலி தரப்பட்டது. இரட்டைக் கூலிக்குக் குறைவு 720 ரூபாய். அதைத் தரும்படியும், இந்த மனுவைப் பெற்ற தேதியைக் குறித்துத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். கோபம் எதுவும் எழுத வேண்டாம். இதே அச்சில் பத்துப் பேர் தனித்தனியாகக் கொடுத்தால் அது தானாகவே பொதுப் பிரச்சினை ஆகிவிடும். குறை ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிவு பெரும்பான்மைப்படிதான் என்றாலும், தொழிலாளர் தரப்பு உறுப்பினரில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளாவிட்டால் முடிவே எட்டப்படவில்லை என்று அர்த்தம். நிர்வாகத்தின் நான்கு ஓட்டும் உங்கள் பக்கத்தில் ஒருவரும் சேர்ந்து உங்கள் மனுவைத் தள்ளிவிட முடியாது. இந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த வரி இது.

பிடிக்காத வரியும் உண்டு. குழுவில் தீராவிட்டால் 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம். ஆனால் 'தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சங்கமே இல்லாதவர் அங்கே நின்றுவிடுகிறார். உங்களைப் பொறுத்தவரை இது கூலி பாக்கி என்பதால் தொழிலாளர் துறையிலோ தொழிற்சாலை ஆய்வாளரிடமோ நேரடியாகப் புகார் தரலாம். குழுவுக்குத் தந்த மனுவின் நகல் அப்போது நல்ல ஆதாரம்.

ஆடிட்டர் வரும் நாளில் அவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் "கமிட்டி கடைசியாக எப்போது கூடியது?" என்று கேட்பார். தேதி தெரியாது என்பதையே சொல்லலாம். அது பொய் இல்லை.

பாலியல் தொல்லை பற்றிய புகார் இந்தக் குழுவுக்கு வராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013-ன் சட்டப்படி தனி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அந்தக் குழுவை வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஒப்பிட்டுப் பாருங்கள்: பழைய சட்டத்தில் பணிக்குழு வைக்காததற்கு அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். இத்தனை காலம் போர்டில் மட்டும் குழு இருந்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்.

கே: கூட்டம் ஒழுங்காக நடக்கிறது, டீ பிஸ்கட்டும் வருகிறது. ஆனால் சொன்னது எதுவும் நடப்பதில்லை.
– கோயம்புத்தூர் வாசகர்

ப: மினிட்ஸ் யார் எழுதுகிறார்கள்? எச்.ஆர். எழுதினால் "பஸ் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது" என்றுதான் இருக்கும். விவாதித்தது உண்மைதான்! ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டு கட்டம் இல்லாத மினிட்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள். மத்திய விதிப்படி தலைவர் நிர்வாகத்தின் ஆள், துணைத் தலைவர் உங்கள் ஆள். செயலாளரும் இணைச் செயலாளரும் இரு தரப்புக்கும் மாறி மாறி வருவார்கள். உங்கள் முறை வரும் ஆண்டில் செயலாளர் பதவியை விட்டுவிடாதீர்கள், பேனா அங்கேதான் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத உறுப்பினர் பதவியை இழப்பார். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே விஷயங்களை எழுதிக் கொடுங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். முதல் விஷயமாக, ஒரே வாரத்தில் முடிகிற சின்ன வேலை ஒன்றை வையுங்கள்: தண்ணீர் கூலர் ஃபில்டர், லாக்கர் பூட்டு, ஏதாவது. அது முடிந்தால் உங்கள் பிரிவு ஆட்கள் அடுத்த கூட்டத்துக்கு விஷயம் கொண்டுவருவார்கள். கூட்டம் முடிந்த அன்றே பிரிவில் பத்து நிமிடம் நின்று என்ன பேசினோம் என்று சொல்லுங்கள். இதைச் செய்யாத பிரதிநிதியைத்தான் 'டீ பார்ட்டி' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

கே: ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை. எங்களில் 60 பேர். ஜெர்மன் சரளமாக வராது. இங்கே 'பெட்ரீப்ஸ்ராட்' என்று ஒன்று வைக்கலாம் என்கிறார்கள். அதுவும் நம்மூர்ப் பணிக்குழு மாதிரிதானா?
– டோர்ட்முண்ட் வாசகர்

ப: பெயரை மொழிபெயர்த்தால் ஒன்றுபோல இருக்கும். அதிகாரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலில், அதில் நிர்வாகத்தின் ஆள் கிடையாது, முழுக்கத் தொழிலாளர்கள். சங்கமும் இல்லை, சங்க உறுப்பினரா இல்லையா என்பது பொருட்டே அல்ல. ஐந்து நிரந்தரத் தொழிலாளர் இருந்தாலே தேர்ந்தெடுக்கலாம். 51 முதல் 100 பேர் வரை உள்ள இடத்தில் ஐந்து உறுப்பினர்கள், ஆகவே உங்களுக்கு ஐவர். 16 வயதில் ஓட்டு, 18 வயதும் ஆறு மாத சர்வீஸும் இருந்தால் நிற்கலாம். ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. பதவிக்காலம் நான்கு ஆண்டு. நாடு முழுக்க மார்ச் 1 முதல் மே 31 வரை தேர்தல் காலம். 2022-ல் நடந்தது, அதற்கு அடுத்தது 2026. இதுவரை இல்லாத இடத்தில் எந்த மாதத்திலும் தொடங்கலாம்.

தொடங்குவது எப்படி? ஓட்டுரிமை உள்ள மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து, தேர்தல் குழுவைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் என்று அழைப்பு ஒட்டினால் போதும். அழைப்பில் முதல் ஆறு பெயர்களுக்குச் சாதாரணப் பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. எனவே மூன்று பேரோடு நிறுத்தாமல் ஆறு பேர் கையெழுத்திடுங்கள். 100 பேருக்கு உட்பட்ட இடங்களுக்கு எளிய தேர்தல் முறை, அதில் நாட்கள் மிகக் குறுகியவை. ஒரு நாள் தவறினாலும் தேர்தலையே எதிர்த்து வழக்குப் போடலாம். பெரும்பாலான புதுத் தேர்தல்கள் தடுக்கி விழுவது வாக்காளர் பட்டியலில்: ஏஜென்சி ஆட்களில் யாருக்கு ஓட்டு உண்டு என்பதில். மூன்று மாதத்துக்கு மேல் அங்கே வேலைக்கு வைக்கப்படுபவர்களுக்கு உண்டு. ஜெர்மன் தெரியாதவர்களுக்குத் தேர்தல் முறையைப் புரியும் விதத்தில் விளக்க வேண்டியது தேர்தல் குழுவின் பொறுப்பு என்று தேர்தல் விதியிலேயே இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் கேளுங்கள், தயங்க வேண்டாம். செலவு முழுக்க முதலாளியுடையது.

தேர்ந்தெடுத்த பின் வேலை நேரம் தொடங்குவதும் முடிவதும், ஓவர்டைம், விடுமுறைத் திட்டம், கேமரா, கண்காணிப்பு மென்பொருள் ஆகியவற்றை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் முதலாளி மாற்ற முடியாது. யாரையாவது வேலையிலிருந்து நீக்குவதானால் முதலில் அவர்களிடம் கேட்டாக வேண்டும். கேட்காமல் தந்த நீக்கம் செல்லாது. சாதாரண நீக்கத்துக்கு ஒரு வாரத்துக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினருக்குப் பதவிக்காலமும் அதன்பின் ஓராண்டும் பாதுகாப்பு. ஓசூர் வாசகர் கேட்டதற்கு அங்கே வேறு பதில் வந்திருக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் அவர்களால் முடியாது. வேலைநிறுத்தத்துக்கு அழைக்க முடியாது. சங்க ஒப்பந்தத்தில் வழக்கமாகப் பேசப்படும் சம்பளத்தைத் தாங்களாகப் பேசி முடிக்கவும் முடியாது. அங்கேயும் சம்பளம் சங்கத்தின் கையில்தான்.

கே: பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?
– ஒரு வாசகர்

ப: பதவிப் பெயரை வைத்துச் சட்டம் முடிவு செய்யாது. முதன்மையாகச் செய்யும் வேலை எது என்று பார்க்கும். நாள் முழுக்கக் கோட் எழுதி, இடையில் நான்கு பேருக்கு வேலை பிரித்துத் தருபவர் தொழிலாளி என்று வாதிட இடமுண்டு. விடுப்பு அனுமதி, மதிப்பீடு, ஆள் எடுப்பு இவையே முழுநேர வேலை என்றால் நிர்வாகப் பணி. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வெளியே. தொழிற்தகராறுச் சட்டம் ஐ.டி. ஊழியருக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. கர்நாடகம் ஐ.டி. நிறுவனங்களுக்கு, பணி நிபந்தனைகளை எழுதிவைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்குத் தந்தபோது, சம எண்ணிக்கைக் குறைதீர்ப்புக் குழு வைக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியது. உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். டவுன் ஹால் கூட்டமும் பெயர் தெரியாத கருத்துக்கணிப்பும் பிரதிநிதித்துவம் ஆகாது. அங்கே யாரும் யாருக்காகவும் பேசுவதில்லை.

கே: நீக்கிவிட்டார்கள். எனக்குச் சங்கமும் இல்லை, வக்கீல் வைக்கப் பணமும் இல்லை. என் பக்கம் யார் பேசுவார்?
– இருங்காட்டுக்கோட்டை வாசகர்

ப: பணிநீக்கத்துக்குச் சங்கம் தேவையில்லை. தனி ஒருவரின் நீக்கமே தொழிற்தகராறாகக் கருதப்படும். குறைதீர்ப்புக் குழு வழியாகவும் வர வேண்டாம். சமரச அலுவலரிடம் நீங்களே மனுப் போடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கெடு, நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. முன்பு மூன்று ஆண்டாக இருந்ததால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பேச ஆள் வேண்டுமானால், சங்க உறுப்பினர் அல்லாதவருக்காக அந்தத் தொழிலோடு தொடர்புடைய சங்கத்தின் நிர்வாகியோ, அதே தொழிலில் வேலை செய்யும் இன்னொரு தொழிலாளியோ ஆஜராகலாம். அதற்கு உரிய படிவத்தில் நீங்கள் அதிகாரம் எழுதித் தர வேண்டும். சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே இல்லை, கம்பெனிக்கும் சேர்த்துத்தான். தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வக்கீல் வரலாம். கம்பெனி வக்கீலோடு வந்து "உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டால், யோசிக்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.

மனுவோடு நியமன உத்தரவு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். பாஸ்புக் பக்கம், குற்றச்சாட்டு மெமோ, அதற்கு நீங்கள் தந்த பதில், நீக்க உத்தரவு ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். நீக்க உத்தரவு தராமல் கேட்டில் நிறுத்தினார்கள் என்றால், அன்றே "இன்று வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் அனுப்பவில்லையென்றால் இன்றைக்கு அனுப்புங்கள். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கியிருந்தால், அவர்கள் அதை ஏற்றுக் கடிதம் தருவதற்கு முன் வாபஸ் கடிதம் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் ஒன்று, ஸ்பீட் போஸ்ட் ஒன்று. தபால் அலுவலக ரசீதில் அச்சு சீக்கிரம் மங்கிவிடும், வாங்கியவுடன் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.